காயாத சுவர்

கிதியோன் உள்ரூமின் நாலாவது சுவரில் மஞ்சள் பெயிண்டின் கடைசி இழுப்பை இழுத்து, பிரஷ்ஷை டப்பா விளிம்பில் தட்டிவிட்டு, ஏணியை விட்டிறங்கி, பீடி பற்றவைக்க வாசலுக்குப் போன நேரத்தில், ஐப்பசி அடைமழையிலிருந்து நினைவில்லாமல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த நெல்லைநாயகம் கண்ணைத் திறந்து, "ஏட்டி ஆவுடை, ரசத்துல உப்பு போட்டியா இல்லியா?" என்று கேட்டார்.

அவர் விழுந்ததும் ரசத்துக்கு முன்னால்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பனைமரத்துக்கு மேல் பனைமரம் வைத்த உயரத்துக்குத் தினமும் ஏறி இறங்கிய மனுசன், ஒருநாள் மத்தியானம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தை ஒரு வாய் வைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லபடியா வச்சுக்கோங்கம்மா" என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உப்பாத்தங்கரைக் காலனியில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படி அனுப்பப்பட்டவர், விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்துக் கேட்டபோது, ஆவுடைத்தங்கத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "போட்டேங்க, கொஞ்சம் கம்மியாப் போட்டேன், ஒங்களுக்குப் பிரசருல்லா" என்று சொல்லிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அறைக்குப் பெயிண்ட் அடித்ததே ஊர் வாய்க்குப் பயந்துதான். உப்பாத்தங்கரைக் காலனி என்பது கடலுக்கும் கரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒரே அச்சில் வார்த்து வைத்த வீடுகள். ஒருபக்கக் காற்றில் உப்பு, மறுபக்கக் காற்றில் சாம்பல், என்ன கலர் அடித்தாலும் அடுத்த பொங்கலுக்குள் எலித்தோல் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் மார்கழி பிறந்தால் வீட்டுக்கு வீடு ஏணி சாயும். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு என்றால் அந்த வருசம் சாவு விழுந்த வீடு, வேறு அர்த்தமே கிடையாது. ஆவுடை சுவரைப் பற்றி நினைக்கிற நிலையிலா இருந்தாள்? ஆனால் தெருவில் போன யாரோ ஒருத்தி, ஏணி சாயாத அந்த வீட்டைப் பார்த்து, "பாவம், எப்ப ஆச்சாம்?" என்று பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் கேட்டது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே கிதியோனைக் கூப்பிட்டனுப்பினாள்.

கிதியோன் அப்போது ஒரு மிதப்பில் இருந்தான். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பெயிண்டர்களையெல்லாம் கூட்டி, பிரியாணி போட்டு, தொப்பி கொடுத்து, பாடமும் நடத்தி அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து அவன் தொப்பியையும் கழற்றுவதில்லை, பாடத்தையும் விடுவதில்லை. கலர் அட்டையை விசிறி மாதிரி விரித்தான்.

"அக்கா, ஒலகத்துல மொத்தம் ரெண்டே சாதிக் கலருதான். ஒண்ணு சூட்டுக் கலரு, இன்னொண்ணு குளுந்த கலரு. மஞ்ச, ஆரஞ்சு, செங்கல் இதெல்லாம் சூடு. ஆளு கலகலன்னு இருப்பான், பேசுவான், பசிக்கும். நீலம், கடல்பச்சை இதெல்லாம் குளிர்ச்சி. மனசு அடங்கும், ஒறக்கம் வரும். சூடு அடிச்சா சுவரு கிட்ட வரும். குளிர்ச்சி அடிச்சா சுவரு தள்ளிப் போயிரும்."

ஆவுடை அட்டையை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு கலராக அவர் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தாள். உறக்கம்தான் வேண்டிய மட்டும் உறங்கிக்கொண்டிருக்கிறாரே. "கிட்ட வாற கலரே அடி தம்பி" என்றாள்.

இப்படியாக நெல்லைநாயகம் பேசினார். காலனியில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை; பொங்கல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. லூர்துமேரி மாதா செய்தது என்றாள். ஏரலிலிருந்து ஓடிவந்த அவருடைய அக்கா சண்முகக்கனி திருச்செந்தூரான் செய்தது என்றாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம் பண்ணிவிட்டு, கண் திறந்தது மாதா, வாய் திறந்தது முருகன் என்று இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு காப்பி குடித்தார்கள். கிதியோன் மட்டும் பெயிண்ட் செய்தது என்றான், அதை யாரும் காதில் வாங்கவில்லை.

காலனிச் செயலாளர் பொன்னுலிங்கம் வந்த விசயமே வேறு. காலனிக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நெல்லைநாயகத்தின் கைக்கு மட்டும்தான் படியும். அவர் விழுந்ததிலிருந்து எத்தனையோ மெக்கானிக் வந்து பார்த்தாயிற்று, அது இருமும், கனைக்கும், தண்ணீர் மட்டும் ஏறாது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி ஓடிக் காலனிப் பெண்களின் இடுப்பு ஒடிந்து கிடந்தது.

"அண்ணாச்சி, அந்த மோட்டாரு சூட்சுமத்த மட்டும் சொல்லிருங்க" என்றார் பொன்னுலிங்கம், நலம்கூட விசாரிக்காமல்.

"நான் எந்திரிச்சு வந்து பாக்கேன்" என்றார் நெல்லைநாயகம்.

"வழியச் சொன்னா நாங்களே போட்டுக்கிடுவோம்லா அண்ணாச்சி."

"சொல்லித் தாற வேலை இல்ல அது. நான்தான் வாறேங்கேன்ல."

ஆவுடைக்கு அந்தப் பிடிவாதம் பாயாசமாக இனித்தது. சொல்லாத வரைக்கும் அவர் எழுந்து வந்துதானே ஆக வேண்டும்.

ஆனால் சாயங்காலம் சுவர் காய்ந்தது. காயக் காய அறை சூடேறி, தொட்டால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அவர் உடம்பும் அதே சூட்டில் கொதித்தது. பேச்சு நிற்கவில்லை, கிரேனைப் பற்றி, கடலைப் பற்றி, கல்யாணத்தன்று தாலி கட்டும்போது அவள் தும்மியதைப் பற்றி, உதடு வெடித்து ரத்தம் கசியக் கசியப் பேசினார். மாத்திரைக்கும் அடங்கவில்லை, ஈரத்துணிக்கும் அடங்கவில்லை. துணிதான் போட்ட கையோடு காய்ந்து மொடமொடத்தது. பொங்கல் கழிவதற்குள் கன்னம் ஒட்டி, பாதி மனுசனாகிவிட்டார். தெருமுனை டாக்டர் வந்து, நாடியைப் பிடித்து, அப்புறம் என்ன தோன்றியதோ சுவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தச் சூடு இருந்தா ஆளு தாங்க மாட்டாரும்மா. கலரை மாத்திப் பாருங்க" என்றார். சீட்டிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்.

கிதியோன் நீலம் அடித்தான். வானத்து நீலம் கூட இல்லை, அதற்கும் ஒரு படி கீழே, மார்கழி விடிகாலை நீலம். அது காய்ந்ததும் சூடு இறங்கியது, மூச்சு சீராக வந்தது, நாடி கடிகாரம் மாதிரி ஓடியது. கண் திறந்தே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் யாருமில்லை. ஆவுடை கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்; அவள் எந்தப் பக்கம் நின்றாலும் அவர் அவளைத் தாண்டித்தான் பார்த்தார். கையைப் பிடித்தால் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த செம்பு மாதிரி இருந்தது. சுவர் தள்ளிப் போய்விடும் என்று கிதியோன் சொன்னது சரிதான், மனுசனையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தது.

அதற்கப்புறம் காலனிக்கு ஒரு புதுப் பேச்சு வந்தது. கடைக்குப் போனால், "அண்ணாச்சி இப்ப மஞ்சள்ள இருக்காவளா, நீலத்துல இருக்காவளா?" என்று கேட்பார்கள். நீலத்தில் இருக்கிறார் என்றால் பூக்காரி மல்லிகை மொட்டுக் கூடையை வாடாமலிருக்க அவர் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போவாள். வெக்கை தாங்காத கர்ப்பிணிப் பெண்கள் வந்து அவர் அறையில் முந்தானையை விரித்து மத்தியானம் படுத்து எழுந்து போவார்கள். மஞ்சளில் இருக்கிறார் என்றால் வடகத் தட்டு, மோர்மிளகாய்த் தட்டு, காயாத பிள்ளைத்துணி எல்லாம் வந்துசேரும். கோபித்துக்கொள்ள முடியுமா? எல்லாரும் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். வீட்டில் அம்மி இருந்தால் நாலு பேர் அரைக்க வரத்தான் செய்வார்கள்.

ஆளாளுக்கு ஆவுடையிடம் கேட்கவும் ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு நாள் மஞ்சள் அடிம்மா, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும். பொன்னுலிங்கத்துக்கு மோட்டார். சண்முகக்கனிக்கு, செத்துப்போன அப்பாவின் பனைவிளைச் சொத்துக்காகத் தம்பியிடம் பேசிய பேச்சுக்கு மன்னிப்பு. ஆவுடைக்கோ சும்மா அவர் குரல். அடிப்பாள். அவர் பேசுவார், எரிவார், எலும்பு தெரியும். பயந்து நீலம் அடிப்பாள். அவர் போய்விடுவார், மூச்சு மட்டும் இருக்கும்.

ஒருதரம் மஞ்சளில் இருக்கும்போது கிதியோன் நீல டப்பாவோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டார். வெடித்த உதட்டோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்டி. என்னய அங்க அனுப்பாத."

"காச்ச கொல்லுதுங்க. கொஞ்ச நாளுதான். ஒடம்பு தேறணும்லா."

"அங்கன யாருமே இல்ல ஆவுடை. நீ கூட இல்ல. நான் கூட இல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிதியோனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தான். தன் கையாலேயே புருசனைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"உசுரு இருக்குல்லா. தாலி கழுத்துல கெடக்குல்லா. போதாதா ஒனக்கு?" என்றாள் சண்முகக்கனி. "நீ ரெண்டு வார்த்த கேக்கதுக்கு எந்தம்பி ஒடம்ப எரிக்கணுமா?"

"நீங்களும்தான மைனி மஞ்ச அடிக்கச் சொன்னிய" என்றாள் ஆவுடை.

"அது ஒரு தடவை. இனி வேண்டாம். நீலத்துலயே கெடக்கட்டும்."

லூர்துமேரி வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரவுக கடலுக்குப் போறப்ப நான் சண்ட போட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். திரும்பி வரல. ஒரு வார்த்தைக்கு எத்தன வருசம் வேணும்னாலும் குடுத்துருவேன் நான்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். முன்னே போனால் முட்டுது, பின்னே போனால் உதைக்குது. ஆவுடை கலர் அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் ஒரு கலர் இல்லாமலா போய்விடும் என்று தேடினாள். கத்தரிப்பூக் கலரில் அவர் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். சந்தனத்தில் உளறினார். கிளிப்பச்சையில்தான் நம்பிக்கை வந்தது. பச்சை காய்ந்தபோது சூடும் இல்லை, குளிரும் இல்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார், இட்லி கேட்டார், வந்தவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றார். காலனிக்குப் பச்சை ரொம்பப் பிடித்துவிட்டது, அண்ணாச்சி யாரையும் வையவில்லையே. பொன்னுலிங்கம் ஓடிவந்து மோட்டாரைக் கேட்டதற்கு மட்டும், "எந்த மோட்டாருங்க?" என்றார். ஆவுடை இட்லியைப் பிட்டு ஊட்டினாள். அவர் மரியாதையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவளைக் கனிவோடு பார்த்தார்.

"நீங்க யாரும்மா? ரொம்பச் சிரமப்படுதிய. ஒங்க வீட்டுக்காரரு தேட மாட்டாரா?"

மிச்ச இட்லியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கிதியோனைக் கூட்டிவரச் சொன்னாள்.

பச்சைக்கு மேல் மஞ்சள் அடித்த அன்றைக்குத்தான் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள், இத்தனை நாள் கண் முன்னால் கிடந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறாளே. சுவர் ஈரமாக இருக்கும்வரை அவர் அவராகவே இருக்கிறார். காய்ச்சல் இல்லை, அவளைத் தெரிகிறது, உப்பு கேட்கிறார், வைகிறார், சிரிக்கிறார். காய்ந்தால்தான் ஒரு சாதியில் போய்ச் சேருகிறார். மஞ்சளோ நீலமோ, ஈரத்துக்குச் சாதி கிடையாது.

அன்றிலிருந்து ஆவுடை தானே பிரஷ்ஷைப் பிடித்தாள். காலையில் அடுக்களை வேலை முடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவாள். இன்ன கலர் என்றில்லை. காலனியில் பொங்கலுக்கு அடித்து மிஞ்சியது, கதவுக்கு வாங்கி மிஞ்சியது, படகுக்கு வாங்கி மிஞ்சியது எல்லாம் வாசலில் வந்து சேர்ந்தன. சோறு கொடுக்கிற மாதிரி ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். சுவர் ஒன்றை அடித்துவிட்டு இறங்கி உட்கார்ந்து அவரோடு பேசுவாள், அது காயப் பார்க்கும்போது அடுத்ததை அடிப்பாள். பேசியதெல்லாம் பெரிய பேச்சு ஒன்றுமில்லை. பீரோ மேலிருக்கிற பெட்டியில் என்ன, பக்கத்து வீட்டுப் பூனை யாருடையது, திருநெல்வேலிக் கல்யாணத்துக்குப் போகையில் பஸ்ஸில் செருப்பைத் தொலைத்தது யார்.

"நீதான் தொலச்ச" என்பார்.

"நீங்கதான் கழட்டி வைக்கச் சொன்னிய."

"அந்தச் சட்டை இருக்கா? நீலம் முக்கிப் போடுவியே, வெள்ளச் சட்டை."

"இருக்கு. மடிச்சு வச்சிருக்கேன்."

வேலைக்குக் காக்கி, வெளியூர் கிளம்பினால் மட்டும் அந்த வெள்ளைச் சட்டை. முந்தின நாளே துவைத்து, நீலத்தூள் கரைத்த தண்ணீரில் முக்கி, கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்து எடுத்து வைப்பாள். நீலம் போடாத வெள்ளை வெள்ளையா என்பார் அவர். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "கெளம்பியாச்சா?" என்று கேட்பார், எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும் கேட்பார்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. மார்கழியில் அரைநாள் நின்ற ஈரம் இப்போது உலை கொதிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. ஆவுடை ஓடி ஓடி அடித்தாள். கையில் காய்ப்பு, தலைமுடியில் பலநிறப் பொட்டு, மூச்சில் டர்பெண்டைன் நாற்றம். பூச்சுக்கு மேல் பூச்சேறிச் சுவர்கள் உள்ளே வந்துகொண்டேயிருந்தன. முதலில் ஜன்னல் கதவு மூடவில்லை, அப்புறம் பீரோ திறக்கவில்லை, அப்புறம் கட்டிலைச் சுற்றி நடக்க ஒருக்களிக்க வேண்டியதாயிற்று. கிட்ட வருகிற சுவர் கேட்டவள்தானே. ஒருநாள் அந்தத் தடித்த பூச்செல்லாம் பூரி மாதிரி உப்பி, பாளம் பாளமாக உதிர்ந்து அவர் மேலேயே விழ ஆரம்பித்தது.

கிதியோன் விரலால் தட்டிப் பார்த்தான். "இனி எதுவும் பிடிக்காதுக்கா. மொத்தத்தையும் சொரண்டித்தான் ஆகணும்."

"சொரண்டிட்டு?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். "வகுப்புல ஒண்ணு சொன்னானுவ. நான்தான் மறந்துட்டேன். வெள்ளைக்கு மட்டும் சாதி கெடையாதாம். சூட்டுலயும் சேராது, குளிர்ச்சிலயும் சேராது. சுண்ணாம்பு அடிங்க. வெறுஞ் சுண்ணாம்பு, ஒரு கலரும் கலக்காம. காஞ்சாலும் அண்ணாச்சி அப்பிடியே இருப்பாவ."

காய்ந்தாலும் அப்படியே. ஆவுடை அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்டது அவ்வளவுதானே, இந்த உலகத்தில் வேறு என்ன கேட்டாள்.

இரண்டு பேருமாகச் சுரண்டினார்கள். மஞ்சள், நீலம், பச்சை, கத்தரிப்பூ எல்லாம் வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தன. சிமெண்ட் தெரிந்ததும் கிதியோன் நாகர்கோவிலில் ஒப்புக்கொண்ட வேலைக்கு பஸ் ஏறிவிட்டான், மறுநாள் வந்து அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு. அவன் போன கொஞ்ச நேரத்தில் ஆவுடை கவனித்தாள், மூளிச் சுவருக்கு நடுவில் நெல்லைநாயகத்தின் மூச்சு மெலிந்துகொண்டே போவதை. காய்ச்சலும் இல்லை, குளிரும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு நிறமும் இல்லாமல் ஆள் நழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் வரை தாங்காது.

"லூர்து அக்கா" என்று கத்தினாள்.

லூர்துமேரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தாள். கடைக்கு ஓடிச் சுண்ணாம்பு வாங்கிவந்து, தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது புகைந்து கொதித்தது. ஆற நேரமில்லை. ஆவுடை பழைய சேலையில் வடிகட்டினாள், கஞ்சி ஊற்றினாள், உப்பு போட்டாள், கலக்கினாள். எத்தனை பொங்கலுக்குக் கலக்கிய கை, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணும் மனசும் உள்ரூம் கட்டிலில் இருக்க, கை அது பாட்டுக்கு வேலையைச் செய்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முதல் சுவர் நனைந்ததும் மூச்சு திரும்பியது. இரண்டாவது சுவரில் கண் திறந்தது. மூன்றாவதில் அவர் தலையைத் திருப்பி, "ஏட்டி, மெதுவா அடி, ஏணி ஆடுது" என்றார். ஆவுடை அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நாலாவதையும் முடித்து இறங்கி, சுண்ணாம்புக் கையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். சித்திரை மத்தியான வெயில் ஜன்னல் வழியாக முதல் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை காய்வதைப் பார்த்து அவள் பயப்படவில்லை. காயட்டும், நன்றாகக் காயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பு ஈரத்தில் ஒன்றும் தெரியாது, காய்ந்தால்தான் வெளுப்பு. முதல் சுவர் மேலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. லூர்துமேரி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"என்னமா வெளுத்திருக்கு. பளீர்னு கண்ணப் பறிக்கே. நீலம் போட்டியா?"

ஆவுடை தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில், சுண்ணாம்புக்கு அடியில், நீலம் இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மாடத்தில் எப்போதும் இருக்கிற நீலத்தூள் டப்பா. கஞ்சி, உப்பு, ஒரு சிட்டிகை நீலம். அது இல்லாமல் யார் வெள்ளை கலக்குவார்கள்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

வெள்ளையும் குளிர்ச்சிச் சாதியில் சேர்ந்துவிட்டது. எழுந்து ஓடினாள், தண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்து சுவரில் வீசினாள். பானை முடிந்தது, குடம் முடிந்தது, குடிக்கிற தண்ணீர் முடிந்தது. "தண்ணி, தண்ணி கொண்டாங்க" என்று லூர்துமேரி தெருவில் நின்று கூப்பிட்டாள். வீட்டுக்கு வீடு குடத்தோடு வந்தார்கள்; யாரும் எதற்கென்று கேட்கவில்லை, வரிசையாகக் கைமாற்றி வீசினார்கள். அன்றைக்கு லாரி வராத நாள். குடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் கவிழ்ந்தன. வெயில் மட்டும் குறையவில்லை. நனைத்த சுவர் நனைத்த கையோடு வெளுத்தது.

நெல்லைநாயகம் மூக்கை உறிஞ்சினார். "சட்டை வாசனை வருதே" என்றார். வெடித்த உதட்டில் சிரிப்பு. "நீலம் போட்டுட்டியா?"

"போட்டுட்டேங்க" என்றாள் ஆவுடை. "தெரியாமப் போட்டுட்டேன். கை போட்டுருச்சு."

"எதுக்கு அழுத? நல்லாத்தான இருக்கு." நாலு சுவரையும் பார்த்தார். அப்புறம் வாசலில் காலிக் குடத்தோடு நின்ற பொன்னுலிங்கத்தைப் பார்த்தார். "ஏ பொன்னுலிங்கம், இங்க வா. மோட்டாரு வால்வை முழுசா மூடிட்டு சுவிச்சப் போடு. அது கனைக்கும், கண்டுக்கிடாத. சத்தம் மாறும்லா, அப்ப மெல்ல, முறுக்குக்கு மாவு புழியற மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாத் தெற. அவசரப்பட்டுத் தெறந்தா காத்துப் புடிச்சிரும். அவ்வளவுதான் சூட்சுமம்."

ஆவுடை பாய்ந்து வந்தாள். "சொல்லாதீங்க" என்று அவர் வாயைப் பொத்தினாள். "நீங்க வந்து போடுங்க. நீங்கதான் வரணும், சொல்லாதீங்க."

பொன்னுலிங்கம் அதற்குள் ஓடிவிட்டார். நெல்லைநாயகம் அவள் கையை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையில் கிணற்றுச் செம்பின் குளிர்ச்சி ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் கண் இந்தத் தடவை அவளைத் தாண்டிப் போகவில்லை. அவளைத்தான் பார்த்தது.

"கெளம்பியாச்சா?" என்று கேட்டார்.

தூரத்தில் மோட்டார் கனைத்தது, இருமியது, சத்தம் மாறியது. காலனிக் குழாய்களில் ஐப்பசிக்கு அப்புறம் முதல்முறையாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. எல்லாரும் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள், வீசினார்கள், அறை முழுக்கத் தண்ணீர் முழங்கால் வரை தெறித்தது. நாலு சுவரும் நனைந்து கருத்தன. லூர்துமேரிதான் முதலில் குடத்தைக் கீழே வைத்தாள்.

சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்து, கருமாதிக்கு முன்னால் சாவு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பது வழக்கம். சண்முகக்கனி சொல்லிவிட்டிருந்தாள். கிதியோன் தொப்பியில்லாமல் சுண்ணாம்பு வாளியும் ஏணியுமாக வந்து, உள்ரூம் வாசலில் நின்றான். நாலு சுவரும் பளீரென்று, நீல ஓட்டத்தோடு, ஒரு சொட்டுக் கறையில்லாமல் நின்றன.

"அக்கா, வெள்ளை அடிச்சாச்சா?"

ஆவுடை கட்டில் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை.

"ஆமா தம்பி" என்றாள். "நானே அடிச்சிட்டேன்."